சிக்கன் துணியின் மறுபக்கம்

(கைவினைத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் தொழிற்சங்க ஊழியர்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கைவினைக் கலைஞர் என்றவுடன் நம் மனக்கண்ணில் ஒரு படம் எழுகிறது. அரசு விளம்பரங்களும் விமான நிலையச் சுவர்களும் ஏற்றுமதி நிறுவனங்களின் நாள்காட்டிகளும் நமக்குப் பழக்கிவிட்ட படம் அது. குனிந்த தலை, கையில் ஊசி, சாளரத்தின் வழியே விழும் வெளிச்சம். அந்தப் படத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் உண்மையிலேயே அப்படித்தான் அமர்ந்திருக்கிறாள். ஆனால் அது அவளுடைய உழைப்பு நாளின் ஒரு பகுதிதான். மீதிப் பகுதியை எந்தப் படமும் காட்டுவதில்லை. கூலி களவாடப்படுவது பெரும்பாலும் அந்த மீதிப் பகுதியில்தான் என்பதால், இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

கைவினைத் தொழில்கள் எல்லாவற்றையும் பொதுவாகப் பேசினால் எதையும் பேசியதாகாது. எனவே ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன்: லக்னோவின் சிக்கன்காரி பூவேலை. (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் சாப்பாட்டை நினைவூட்டும். அதை அங்கேயே சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.) மெல்லிய வெண்துணியில் வெண்நூலால் செய்யப்படும் இந்த வேலைக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உத்தரப்பிரதேச அரசு 2018-இல் தொடங்கிய 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டத்தில் லக்னோவின் பொருளாக அறிவிக்கப்பட்டிருப்பதும் இதுதான். லக்னோ நகரின் பழைய பகுதிகளிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பாராபங்கி, உன்னாவ், ஹர்தோய் போன்ற அண்டை மாவட்டங்களிலும் இந்த வேலையைச் செய்வோர் மிகப் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் கணிசமானோர் ஏழை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஒரு சிக்கன் குர்தா எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று பாருங்கள். வியாபாரி துணியை வாங்குகிறார். தையற்காரர் அதை வெட்டி உருப்படியாக இணைக்கிறார். மரத்தில் அச்சு செதுக்குபவர் ஒருவர். அந்த அச்சைக் கொண்டு துணியில் கோலத்தைப் பதிப்பவர் இன்னொருவர். வெண்துணியில் பதிக்க நீலச் சாயம், கழுவினால் போய்விடக்கூடியது. அதன் பிறகு துணிகள் மூட்டையாகக் கட்டப்பட்டு, தரகர் வழியாகக் கிராமத்துக்குப் போகின்றன. அங்கே பூவேலை. அதிலும் நிழல் தையல் ஒருத்தி, முடிச்சுத் தையல் ஒருத்தி, ஜாலி வேலை மற்றொருத்தி என்று துணி வீடு மாறுவது உண்டு. வேலை முடிந்த துணி மீண்டும் தரகரிடம் வந்து சலவைக்குப் போகிறது. சலவைத் தொழிலாளர்கள் காஸ்டிக் சோடாவிலும் பிளீச்சிங்கிலும் அதை ஊறவைத்து, வேகவைத்து, அலசி, நீலக் கோலத்தையும் மாதக்கணக்கில் படிந்த அழுக்கையும் போக்குகிறார்கள். கஞ்சி போடுதல், இஸ்திரி போடுதல், கடை. தோல் வெடித்த கைகளோடு நிற்கும் அந்தச் சலவைத் தொழிலாளியை எந்தக் கைவினைக் கண்காட்சியும் மேடைக்கு அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் நாம் வியக்கும் அந்த வெண்மை இல்லை.

இந்தச் சங்கிலியில் பூவேலைக்காரியின் இடத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

மூட்டை வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை தைப்பது அல்ல, எண்ணுவது. எத்தனை உருப்படி, எதில் கறை இருக்கிறது, எதில் அச்சு மங்கிப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போது பார்க்காமல் விட்டால் திருப்பிக் கொடுக்கும்போது பழி அவள் மீது விழும். பிறகு நூல். முறுக்கில்லாத பருத்தி நூலை வேலைக்கு ஏற்ற இழைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய துணிக்கு ஒன்றிரண்டு இழை, கனமான துணிக்குக் கூடுதல். பிறகு கோலத்தைப் படித்தல். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அச்சு வெளிக்கோட்டைத்தான் தருகிறது. இதழின் உள்ளே எந்தத் தையல், தண்டுக்கு எந்தத் தையல், எங்கே ஜாலி திறக்க வேண்டும் என்பதை ஓரளவு தரகர் சொல்வார். மீதியைத் தீர்மானிப்பது அவள் அனுபவம்தான். ஜாலி வேலையில் ஓர் இழையைக்கூட வெட்டுவதோ உருவுவதோ கிடையாது. பாவு, ஊடை இழைகளை ஊசி முனையால் ஒதுக்கி, இழுத்துக் கட்டியே துளைகளை உண்டாக்குகிறாள். கை சற்றுக் கடுமையானால் துணி கிழியும். கிழிந்த துணியின் விலை யார் தலையில் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, துணியைக் காப்பாற்றும் வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே வெளியில் தெரியாது. வெண்துணி அது. ஒற்றை அறை வீட்டில் அடுப்பு எரிகிறது, குழந்தை தவழ்கிறது, மழை ஒழுகுகிறது, ஆடு நுழைகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் துணியைச் சுருட்டிப் பத்திரப்படுத்தி, திரும்ப உட்காரும்போது கைகழுவித் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை எழுகிறாள் என்று எண்ணினால் அதுவே ஒரு தனிக் கணக்காகும். மின்சாரம் போனால் வாசலுக்கு நகர்கிறாள். வெள்ளையின் மேல் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்குகிறது. கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடியின் விலையும் மருத்துவரின் கட்டணமும் அவள் செலவு.

வேலை முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. தவறிய தையலைப் பிரித்து மறுபடி போட வேண்டும். முடித்த துணியைத் தரகரின் வீட்டுக்குச் சுமந்து போக வேண்டும். அவர் இல்லை என்றால் நாளை மறுபடி. அவர் துணியை விரித்து ஒவ்வொன்றாகக் குறை சொல்வதைக் கேட்டு நிற்க வேண்டும். கழிவு போக மீதிக் கூலியில் பாதி இன்று, பாதி 'கடையிலிருந்து பணம் வந்ததும்'. அந்தப் பாதிக்காக எத்தனை நடை! பணத்துக்காக நடக்கும் இந்த நடையும் உற்பத்திச் செலவில் சேர வேண்டியதுதான் என்று எந்தக் கணக்காளராவது எழுதியிருக்கிறாரா?

இப்போது கூலியைப் பாருங்கள். பீஸ் ரேட் கூலி துணியில் தெரியும் தையலுக்கு மட்டுமே விலை வைக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, கணக்குக்கு எளிதான எண்களாக வைத்துக்கொள்வோம். ஒரு குர்தாவுக்குக் கூலி 600 ரூபாய், ஊசி ஓடும் நேரம் 40 மணி. அப்படியானால் மணிக்கு 15 ரூபாய். அதுவே வயிற்றெரிச்சல். ஆனால் எண்ணுதல், இழை பிரித்தல், கோலம் படித்தல், சுருட்டுதல், பிரித்துத் தைத்தல், நடத்தல், காத்திருத்தல் ஆகியவற்றுக்கு இன்னொரு 20 மணி நேரம் சேர்ந்தால், மணிக்குக் கூலி 10 ரூபாயாகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு யார் கண்ணிலும் படாமல் கரைந்து போகிறது. அதற்காக எந்த முதலாளியும் கூலியைக் 'குறைக்க'வில்லை. அந்த 20 மணியை உழைப்பு என்று அழைக்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் நவீன வீட்டுத் தொழில் பற்றிப் பேசும்போது இங்கிலாந்தின் லேஸ் பின்னும் பெண்களையும் சிறுமிகளையும் பற்றித்தான் எழுதுகிறார். ஆலைக்குப் பின்னால், ஆலையின் நீட்சியாக, நெரிசலான அறைகளில் அந்த உழைப்பு ஒளிந்திருப்பதை அவர் காட்டுகிறார். பழைய கைத்தொழிலின் எச்சமாக அதை அவர் பார்க்கவில்லை. மூலதனத்தின் வெளித்துறையாகவே பார்த்தார். நூறாண்டுக்குப் பின் அதே லேஸ் வேலை ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் எப்படி நடக்கிறது என்று மரியா மீஸ் ஆராய்ந்தார். நரசாபுரம் லேஸ் தொழிலாளர்கள் பற்றிய அவரது நூல் 1982-இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்குச் சரக்கு உற்பத்தி செய்த அந்தப் பெண்களை, 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்' என்றே எல்லாரும் சொன்னார்கள் என்பது அந்நூலின் மையமான கண்டுபிடிப்பு. கூலியைப் பாதாளத்தில் வைத்திருக்க அந்த ஒரு சொற்றொடர் போதும்.

லக்னோவிலும் அதே சொற்றொடர்தான். 'ஓய்வு நேர வருமானம்' என்பார்கள். ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது? ஒன்றிய அரசே நடத்திய 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்ன சொல்கிறது? கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டு வேலைக்குப் பிறகு ஊசியைக் கையில் எடுப்பவளுக்கு அது இரண்டாவது ஷிப்ட். அதை ஓய்வு என்று அழைக்க ஒரு தனி வகைத் துணிச்சல் வேண்டும்.

இந்த மறைப்பு லக்னோவோடு நிற்பதில்லை. பனாரஸ் பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தறியில் உட்காருபவர் ஒருவர், அவரே நெசவாளர். நூலைப் பிரிப்பது, தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது ஆகியவை பொதுவாக வீட்டுப் பெண்களின் வேலை. கூலி சேலைக்கு ஒன்று; அது நெசவாளரின் கைக்குப் போகிறது. அவர் மனைவி பெயரில் ஒரு பைசாகூட எழுதப்படுவதில்லை. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் 26.73 லட்சம் பேர் நெசவாளர்கள், 8.48 லட்சம் பேர் துணை வேலை செய்வோர். மொத்தத்தில் ஏறத்தாழ 72 சதவீதம் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. 'துணை வேலை' என்ற அந்தச் சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள். பாவு இல்லாமல், தார் இல்லாமல் தறி ஓர் அங்குலம் நகராது. எது எதற்குத் துணை?

அரசு என்ன செய்கிறது? விருது கொடுக்கிறது. சிறந்த கைவினைஞர்களுக்கான தேசிய விருதுகள் 1965 முதல் வழங்கப்பட்டு வருகின்றன. விருது வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வறுமையில் வாழ்ந்த எத்தனையோ பெண்களுக்கு அது மரியாதையையும் சிறு உதவியையும் தந்திருக்கிறது. ஆனால் விருது ஒருவரின் பெயரைச் சொல்லும் ஏற்பாடு. பன்னிரண்டு கைகள் செய்த பொருளில் பதினோரு கைகளை அது தன் இயல்பிலேயே கூட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள், கருவிகள் வாங்க 15,000 ரூபாய், இரண்டு தவணைகளில் 3 லட்சம் வரை கடன் என்று அறிவித்தார்கள். அந்த 18-இல் கைத்தறி நெசவு இல்லை. பூவேலையும் இல்லை, தையற்காரர் இருக்கிறார், எம்பிராய்டரி செய்பவள் இல்லை. அதைவிட முக்கியமானது, ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பயன்பெறலாம் என்ற விதி. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். குயவர் வீட்டில் மண்ணைப் பிசைந்து பதப்படுத்துபவள், கூடை முடைபவரின் வீட்டில் மூங்கிலைக் கீறுபவள், பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவள் எல்லாரும் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்து போகிறார்கள். சக்கரத்தைச் சுற்றுபவனே விஸ்வகர்மா. மண்ணைப் பிசைந்தவள் அவன் மனைவி, அவ்வளவுதான். கடனைத் திருப்பிக் கட்டும்போது மட்டும் குடும்பம் முழுவதும் சேர்ந்து கட்டும்.

மறுபுறத்தில், கைவினைஞரின் குரல் கொஞ்சமாவது எட்டக்கூடிய அமைப்புகள் மூடப்பட்டன. 1952-இல் அமைக்கப்பட்டு, கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையில் வளர்ந்தது அகில இந்தியக் கைவினை வாரியம். 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றின் நடுவில், வியாபாரிகள் கொள்முதலை நிறுத்திக் கைவினைஞர்கள் அடுப்பை மூட்ட வழியில்லாமல் இருந்த நாட்களில், அந்த வாரியத்தை ஒன்றிய ஜவுளி அமைச்சகம் கலைத்தது. கைத்தறி வாரியம் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, ஜூலை இறுதியில், கலைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டும் ஆகஸ்ட் 7-இல் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்பட்டது; 'உள்ளூர்ப் பொருளுக்குக் குரல் கொடுங்கள்' என்று அமைச்சர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த வாரியங்கள் புரட்சிகரமான அமைப்புகளாக இருந்தன என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரிகளின் தூசி படிந்தவைதான். ஆனாலும் தொழில் சார்ந்தவர்கள் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலியும் போயிற்று.

2025 ஜூனில் மிலான் நகரத்து ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பைப் போன்ற ஒன்றைக் காட்டியபோது நாடே கொதித்தது நினைவிருக்கும். நம் பாரம்பரியத்தின் பெயரைச் சொல்லவில்லையே என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் தோலைப் பதனிட்டு, ஊறவைத்து, வெட்டி, பின்னி அந்தச் செருப்பைச் செய்யும் தலித் தொழிலாளிக்கு இங்குள்ள வியாபாரி ஒரு ஜோடிக்கு என்ன கொடுக்கிறார் என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அரிதாகவே காதில் விழுந்தது. பெயர் களவு போனால் தேசம் எழுகிறது. கூலி களவு போவது உள்நாட்டு விவகாரமாகிவிடுகிறது.

தோழர்களே, இதில் வழியே இல்லை என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடாது. நம்மிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது: பீடித் தொழிலாளர்கள். அவர்களும் வீட்டில் உட்கார்ந்து, பீஸ் ரேட்டுக்கு, ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தவர்கள்தான். 'அவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்ல, வீட்டில் சுற்றித் தருகிறவர்கள்' என்று முதலாளிகள் சொன்னதும் இதே வாதம்தான். நீண்ட போராட்டத்தின் விளைவாக 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுபவரும் அதன் வரம்புக்குள் வந்தார். முதலாளிகள் உச்சநீதிமன்றம் போனார்கள். 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வீட்டில் வேலை செய்பவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் உறுதி செய்தது. சுற்றிய பீடியைக் 'கழிவு' என்று ஒதுக்குவதற்கும் விதிகளில் வரம்பு வைக்கப்பட்டது. பூவேலைக்காரியின் துணியைக் குறை சொல்லிக் கூலியை வெட்டும் தரகருக்கு இன்று எந்த வரம்பும் இல்லை என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த வெற்றியின் தரையே இப்போது ஆட்டம் காண்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. 1966-ஆம் ஆண்டின் பீடிச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவற்றில் கரைக்கப்பட்டன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் வீடுசார் தொழிலாளி என்பதற்கு ஒரு வரையறை உண்டு. ஒரு வேலையளிப்பவருக்காகத் தன் வீட்டில் பொருள் உற்பத்தி செய்பவர் என்றே அது சொல்கிறது. அதாவது, வேலையளிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, தொழிலாளியை அமைப்புசாராதவர் பட்டியலில் சேர்த்து, அரசு எப்போதாவது வகுக்கக்கூடிய திட்டங்களுக்குக் காத்திருக்கச் சொல்கிறது. வீட்டு வேலைமுறை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் நிறைவேறியது; இந்தியா இன்று வரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

ஆனாலும் ஊதியத் தொகுப்பில் நாம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கும் நேர அடிப்படையில் ஒரு குறைந்தபட்சத்தை உறுதி செய்ய வேண்டும் என்ற கோட்பாடு பழைய சட்டத்திலும் இருந்தது; புதியதிலும் முற்றிலும் அழிக்கப்படவில்லை. நேர அடிப்படை என்றால் நேரத்தை அளக்க வேண்டும். அளப்பது யார்? வியாபாரி அளந்தால் ஊசி ஓடும் நேரத்தை மட்டும், அதுவும் மிக வேகமான கையை வைத்து, அளப்பார். அதிகாரி அளந்தால் வியாபாரியிடம் கேட்டு அளப்பார். ஆகவே நாம்தான் அளக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதியோ ஆராய்ச்சி நிறுவனமோ தேவையில்லை. ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பெண்கள், ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று மாதம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் மகளோ நம் ஊழியரோ எழுதலாம். கோடு போட்டால்கூடப் போதும். மூட்டை வாங்கப் போன நேரம், காத்திருந்த நேரம், இழை பிரித்த நேரம், தைத்த நேரம், பிரித்துத் தைத்த நேரம், பணத்துக்காக நடந்த நடை. எதிர்ப்பக்கத்தில் செலவு: ஊசி, கண்ணாடி, பஸ் கட்டணம். கடைசியில் கைக்கு வந்த தொகையும், அது வந்த தேதியும். துணியைக் கொடுத்த தரகரின் பெயரையும், தெரிந்தால் அவருக்கு மேலே இருக்கும் கடையின் பெயரையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நாளை தொழிலாளர் ஆணையர் முன் 'யார் உன் முதலாளி' என்ற கேள்வி வரும்போது, அந்த முதல் பக்கம் பேசும்.

பெண்கள் இதை ஏற்பார்களா, தரகர் வேலையை நிறுத்திவிட மாட்டாரா என்று தோழர்கள் கேட்பீர்கள். நியாயமான அச்சம். ஒருத்தி மட்டும் எழுதினால் நிறுத்துவார். ஒரு தெருவில் முப்பது பேர் எழுதினால், முப்பது பேரையும் விட்டுவிட்டுத் திருமண காலத்து ஆர்டரை அவர் எங்கே கொண்டுபோய் முடிப்பார்? இயந்திர எம்பிராய்டரி மலிவாகச் சந்தையில் குவிந்திருப்பது உண்மைதான். ஆனால் ஜாலியையும் முடிச்சையும் கைவேலைபோல் இயந்திரம் செய்துவிடவில்லை; விலை உயர்ந்த துணிகளுக்கு வியாபாரி இன்னும் அந்த விரல்களைத்தான் நம்பியிருக்கிறார். அந்த இடத்திலிருந்துதான் நாம் தொடங்க முடியும். முதலில் ஜாலி வேலை செய்பவர்களிடம் போங்கள். பிறகு சலவைத் துறைக்கும் போங்கள். பூவேலைப் பெண்களும் சலவைத் தொழிலாளர்களும் இதுவரை ஒரே கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை என்பது நம் அமைப்பு வேலையில் உள்ள இடைவெளி. ஒரே துணியைத்தான் இருவரும் தொடுகிறார்கள்.

நோட்டுப் புத்தகங்களை இடைவேளையின்போது வாசலில் இருக்கும் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்குப் பத்து. கூடுதலாக வேண்டுமானால் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து நிரப்பிய புத்தகங்களோடு மாவட்ட வாரியாக உட்கார்ந்து, ஒவ்வொரு தையலுக்கும் எத்தனை மணி என்ற பட்டியலை முதலில் தயாரிப்போம். கூலிக் கோரிக்கையின் எண்ணை அதன் பிறகு எழுதுவோம்.